தமிழில் மருத்துவம் தந்த கிறீன்

யாழ்ப்பாணத்தில் கணினி நிரல் பயிலத் தொடங்கும் மாணவர் பலரைத் தயங்கவைப்பது கணிதம் அன்று, மொழியே. மேலைநாட்டு மருத்துவம் இம்மண்ணுக்கு வந்தபோதும் இதே தடை எழுந்தது. அதனைத் தகர்த்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

1822இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்த அவர், 1847இல் அமெரிக்க மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டு மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். முதலில் பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடந்தன. ஊர் மக்களிடையே பணியாற்றவேண்டிய மருத்துவர், அம்மக்களின் மொழியிலேயே கற்கவேண்டும் என்பதை அவர் உணர்ந்தார். தாமே தமிழைக் கற்றுத் தேர்ந்து, 1864இல் தமிழ்வழி மருத்துவ வகுப்பைத் தொடங்கினார்.

பாடநூல்கள் இல்லை, கலைச்சொற்களும் இல்லை. அவற்றை மாணவரின் துணையுடன் அவரே உருவாக்கினார். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் முதலிய நூல்கள் வெளிவந்தன. வழக்கிலிருந்த சொல்லை எடுத்தாண்டார். இல்லாதபோது பிறமொழிச் சொல்லுக்குத் தமிழ் வடிவம் கொடுத்தார். வேதியியல் நூல் 'கெமிஸ்தம்' எனப் பெயர் பெற்றது அவ்வாறே. 60க்கும் மேற்பட்ட மருத்துவரை உருவாக்கி, 1873இல் தாயகம் திரும்பிய அவர், 1884இல் காலமானார். மானிப்பாய் மருத்துவமனை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அறிவு இவ்வாறு மொழி மாறி வளர்வது புதிதன்று. கிரேக்க, இந்திய நூல்களை அரபு மொழிக்குக் கொண்டுவந்த பக்தாத் நகரில், 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் அல்-குவாரிஸ்மி. கணினியியலின் அடிப்படையான 'அல்காரிதம்' என்னும் சொல் அவரது பெயரின் திரிபே.

நிரலும் அத்தகைய ஒழுங்குமுறைதான். புள்ளி 35க்கு மேற்பட்டால் 'சித்தி' என அச்சிடு. இல்லையேல் 'சித்தியில்லை' என அச்சிடு. இதனைத் தமிழில் வாசிக்கும் மாணவன், சரியாக 35 பெற்றவனின் கதி என்ன என்று உடனே கேட்பான். அந்தக் கேள்வி எழுந்த கணமே அவன் நிரலை வாசிக்கக் கற்றுவிட்டான். 'இஃப்', 'எல்ஸ்' என்னும் ஆங்கிலக் கட்டளைகளைப் பின்னர் பழகிக்கொள்வது எளிது. தமிழ்ச் சொற்களாலேயே எழுதத்தக்க 'எழில்' என்னும் நிரல்மொழியும் உருவாக்கப்பட்டுள்ளது.

ஆங்கிலம் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. ஆனால் ஆங்கிலம் அறியாத பிள்ளைக்கு வாசலிலேயே கதவடைப்பது நீதியாகாது. கடல் கடந்து வந்த ஒருவர் மருத்துவத்துக்குச் செய்ததை, கணினிக் கல்விக்கு நம் ஆசிரியர்கள் செய்ய முன்வரவேண்டும்.