இரமண மகரிஷியின் உடலும் உரமும்

பெரியோர் சரித்திரத்தை எழுதுவோர் அவர்தம் அறிவையும் அருளையும் விரித்துரைப்பரேயன்றி, அவர் தாங்கிய உடம்பின் வரலாற்றைப் பெரும்பாலும் கூறாது விடுவர். தேகப்பயிற்சியிற் புகுந்த மாணாக்கர்க்கோ அவ்வரலாறும் பயன்படுவதேயாம். தண்டாலும் பஸ்கியும் தொடங்கிய இளைஞன், முதலிரண்டு திங்களில் தன் வலிமை நாளுக்குநாள் ஏறுவது கண்டு களிக்கின்றான். மூன்றாந் திங்களில் ஏற்றம் நின்றுவிடுகின்றது. பின்னர்ப் பரீட்சை வருகின்றது. அதன்பின் காய்ச்சல் வருகின்றது. மீண்டும் பயிற்சிக்குச் செல்லும்போது பழைய அளவும் கைகூடவில்லை. உடனே அவன், தன் உடம்பு வலிமைக்கு உரியதன்று என்று தீர்ப்புக்கூறிக் கர்லாக்கட்டையை மூலையிற் சார்த்திவிடுகின்றான். இத்தகையோர், திருவண்ணாமலையில் ஐம்பத்துமூன்று ஆண்டு வாழ்ந்த இரமண மகரிஷியின் உடல் எவ்வாறு உரம்பெற்றது, எவ்வாறு தேய்ந்தது, எவ்வாறு மீண்டது என்பதைச் சிறிது நோக்குவாராக.

இரமணர் 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் பாண்டிநாட்டுத் திருச்சுழியிற் பிறந்தார். தந்தையார் சுந்தரமையர் அவ்வூரில் வக்கீல் தொழில் நடத்தியவர், தாயார் அழகம்மையார். பிள்ளைக்கு வேங்கடராமன் என்று பெயர். 1892-இல் தந்தையார் இறந்தமையால், மதுரையிற் சிற்றப்பனார் சுப்பையர் இல்லத்தில் வளர்ந்து, ஸ்காட் நடுத்தரப் பாடசாலையிலும், பின்பு அமெரிக்கன் மிஷன் உயர்தரப் பாடசாலையிலும் பயின்றார். ஒருமுறை கேட்ட பாடத்தை ஒப்பிக்கும் நினைவாற்றல் இருந்தும், அவருடைய ஊக்கமெல்லாம் விளையாட்டிலேயே சென்றது. கால்பந்து, மற்போர், ஓட்டம், வைகையாற்று நீச்சல் ஆகிய அனைத்திலும் அவர் முன்னின்றார். அவர் சேர்ந்த கட்சியே வெல்லக் கண்ட தோழர் அவருக்குத் தங்கக்கை என்று பெயரிட்டனர். வயதில் மூத்த பிள்ளைகளும் அவரோடு கைகலக்க அஞ்சினர்.

அவருடைய உறக்கமும் பெயர்பெற்றது. பகலில் அவரை எதிர்க்கத் துணியாத சிறுவர் சிலர், இரவில் உறங்கும் அவரை எடுத்துச் சென்று, வேண்டுமட்டும் அடித்து, மீண்டும் படுக்கையிற் கிடத்திவிடுவராம். காலையில் அவருக்கு ஒன்றுந் தெரியாது. இதனைக் கேட்டு நகைப்போர் இதிலுள்ள உண்மையையும் உணர்க. தசை உழைப்பிற் களைத்து ஓய்விலேயே வளர்வது என்பது உடல்நூலார் துணிபு. வயிறார உணவும், மனமார விளையாட்டும், கண்ணார உறக்கமும் ஒருங்கு வாய்த்த அப்பிள்ளையினிடத்து வலிமை, அளந்து பார்ப்பார் இன்றியே வளர்ந்தது. இராக் கண்விழித்துக்கொண்டே உடம்பு வளரவில்லை என்று நோவோர் முதலில் தம் படுக்கையை விசாரிக்கக் கடவர்.

1896-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், நோயொன்றும் இல்லாதிருந்த அவரை மரணபயம் திடீரெனப் பற்றியது. அப்போது எழுந்த ஆத்ம விசாரம் அவர் வாழ்வை மாற்றிவிட்டது. விளையாட்டிற் பற்றொழிந்தது. ஆகஸ்டு 29-ஆம் நாள், தமையனாரின் கல்லூரிச் சம்பளத்திற்காகக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டை விட்டகன்றார். விழுப்புரம் வரையில் இரயிலிற் சென்றார். கைப்பொருள் குறைந்தமையால் மாம்பழப்பட்டிலிருந்து அறையணிநல்லூர்க்குப் பத்து மைலளவு நடந்தார். கீழூரில் தம் காதுக்கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகுவைத்து, செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலை சேர்ந்தார். மைதானத்தில் உரம்பெற்ற கால்களே அவரை அங்குக் கொண்டுசேர்த்தன என்பது மிகையாகாது.

ஆனால் அக்கால்களுக்கு அதன்பின் வேலையில்லாது போயிற்று. ஆயிரக்கால் மண்டபத்திலும் பாதாளலிங்கக் குகையிலும் அசைவற்று அமர்ந்தார். பூச்சிகள் துளைத்துத் தொடைகள் புண்ணாயின. 1897-இல் ஊருக்கு வெளியே குருமூர்த்தத்தில் தங்கியபோது, நாளுக்கு ஒருமுறை ஒரு கிண்ணம் உணவே உட்கொண்டார். உடம்பு எலும்பும் தோலுமாயிற்று. எழுந்து நிற்க முயலின் தலைசுற்றி மீண்டும் அமர்ந்துவிடுவார். வாயிலளவு செல்வதற்கும் பழனிசுவாமி என்ற தொண்டர் தாங்கவேண்டியதாயிற்று. மற்போரில் எவருக்கும் தளராத உடம்பு ஓராண்டிற்குள் இந்நிலை அடைந்தது. பயன்படுத்தாத தசை சுருங்கும், உணவு பெறாத உடம்பு தன்னையே உண்ணும் என்னும் இயற்கைவிதி ஞானியர்க்கும் விலக்கன்று. இதனைத் தவத்தின் சிறப்பாகக் கொண்டு பட்டினி கிடப்போர் பிற்காலத்து மகரிஷியின் கருத்தை அறியாதவரே. அவர் உண்ணாவிரதத்தைப் போற்றாது, மிதமான சாத்துவிக உணவையே யாவர்க்கும் விதித்தார்.

இழந்த வலிமை ஒருநாளில் மீளவில்லை. 1898-இல் பவழக்குன்றிலும், 1899 முதல் 1916 வரை விருபாட்ச குகையிலும், அதன்பின் 1922 வரை கந்தாசிரமத்திலும் அவர் வசித்தார். மலைமேல் வாழ்வோனுக்கு ஏறுதலும் இறங்குதலுமே நாட்கடன். பாறைகளிலும் புதர்களிலும் அவர் இடையறாது உலாவினார். அம்மலையில் அவரறியாத தடமில்லை என்னும்படி ஆயினார். அன்பருடன் கிரிவலமும் பன்முறை வந்தார். மலையைச் சுற்றிய அவ்வழி ஏறக்குறைய 14 கிலோமீட்டர். நிறைசூல்கொண்ட அரசி நடப்பதுபோல மெல்ல நடத்தல் வேண்டுமென்பது அவ்வூர் வழக்கு. அவரும் அவ்வாறே, இடையிடையே அமர்ந்து, இரவு முழுவதும் நடந்து விடியலில் முடிப்பதுண்டு. நிற்கமாட்டாதிருந்த கால்கள் இவ்வாறு மலைநடைக்கு உரியவாயின.

இடையூறுகளும் இல்லாமற் போகவில்லை. ஒருநாள் உலாவுகையில் அவர் கால் புதரிலிருந்த குளவிக் கூட்டிற் பட்டது. குளவிகள் மொய்த்துக் கொட்ட, பிழை தம் காலினதே என்று அவை ஓயுமளவும் அசையாது நின்றார். கால் பெரிதும் வீங்கிற்று. வீக்கம் வடிந்தபின் உலாவுதலும் வழக்கம்போல் நிகழ்ந்தது. இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு: அவர் வலிமை வேண்டி நடந்தவரல்லர், நடந்தமையால் வலிமை வந்து சேர்ந்தது. நேற்றைய நடையோடு இன்றைய நடையை ஒப்புநோக்கி மகிழ்தலும் வருந்துதலும் அவர்பால் இல்லை.

1922-இல் அன்னையார் மறைந்தபின், மலையடிவாரத்தில் அவர் சமாதியருகே இரமணாசிரமம் தோன்றியது. அங்குப் பல்லாண்டு மகரிஷி பொழுது புலருமுன் எழுந்து, அடுக்களை புகுந்து காய் நறுக்கினார், சட்னி அரைத்தார், இலை தைத்தார், நூல்களுக்குக் கட்டடம் இட்டார். 1926 அளவில் கிரிவலம் நின்றது. மலையில் உலாவும் வழக்கம் நிற்கவில்லை. முழங்கால்களில் வாதம் கண்டபோது கோலூன்றி நடந்தார். நாயொன்று துரத்திய அணிலைக் காக்க விரைந்து வழுக்கிவிழுந்து தோளெலும்பு முறிந்ததும் உண்டு. 1948-இல் இடக்கையில் ஒரு கட்டி தோன்றியது. 1949-இல் நான்குமுறை சத்திரசிகிச்சை நடந்தது. உடல் மெலிந்த அந்நாட்களிலும் காணவந்தோர்க்குக் காட்சி தருதலை அவர் நிறுத்தவில்லை. 1950 ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு அவ்வுடல் ஓய்ந்தது.

மாணவ நண்பர்காள்! உடல்வலிமை ஏணிபோல் ஒரே சீராக ஏறுவதன்று; மலைத்தடம்போல் ஏறியும் இறங்கியும் வளைந்தும் செல்வது. தொடக்கத்தில் விரைந்து தோன்றும் வளர்ச்சியிற் பெரும்பகுதி, நரம்புகள் தசையை ஏவக் கற்றுக்கொள்வதால் வருவது. தசை பெருத்தல் அதனினும் மெல்லவே நிகழும். ஆதலின் மூன்றாந் திங்களின் தேக்கம் தோல்வியன்று. நோயுற்று மீண்டோர் பழைய எடையை உடனே தூக்கமுயலாது, குறைந்த அளவில் தொடங்குக. முன்பு பயின்ற உடம்பு புதிதாகப் பயில்வதினும் விரைவில் மீளும். உணவையும் உறக்கத்தையும் பயிற்சியின் பகுதியாகவே எண்ணுக. கணக்கெழுதுவோர் நாட்கணக்கை விட்டுத் திங்கட்கணக்கை நோக்குக. மூலையிற் சார்த்திய கர்லாக்கட்டையை நாளை எடுப்பவனுக்கு, சென்ற வாரம் எத்தனைமுறை சுழற்றினான் என்பது பெரிதன்று. வரும் வாரமும் அதனை எடுப்பானா என்பதே பெரிது.