யாக்கோபின் 20 ஆண்டுகள்

தந்தை ஈசாக்கை வஞ்சித்து ஆசி பெற்ற யாக்கோபு, தமையன் ஏசாவின் சினத்துக்கு அஞ்சி, கோல் ஒன்றுடன் ஆரான் சென்று தாய்மாமன் லாபானிடம் மேய்ப்பரானார். ராகேலை மணக்க 7 ஆண்டுகள் உழைத்தவருக்கு மூத்தவள் லேயாளை மணமுடித்து ஏமாற்றினான் லாபான். ராகேலுக்காக மேலும் 7 ஆண்டுகள். பகல் வெயிலும் இரவுக் குளிரும் வாட்டின. விலங்கு பீறிய ஆட்டின் நட்டத்தையும் அவரே ஏற்றார். அத்தகைய இழப்புக்கு மேய்ப்பன் ஈடு செய்ய வேண்டுவதில்லை எனப் பின்னாளில் மோசேயின் சட்டம் விதித்தது.

பின்னர், புள்ளியும் வரியுமுள்ள ஆடுகளைக் கூலியாகக் கேட்டு, மேலும் 6 ஆண்டுகள் மேய்த்தார். யாருடைய ஆடு எதுவெனக் கண்ணுள்ள எவரும் அறியலாமன்றோ! லாபானோ அன்றே அவற்றைப் பிரித்துத் தன் மைந்தரிடம் ஒப்புவித்தான். கூலியையும் 10 முறை மாற்றினான். குடும்பத்துடன் வெளியேறியவரைக் கீலேயாத் மலைவரை துரத்திவந்தான். அங்கே உறவினர் முன்னிலையில் 20 ஆண்டுக் கணக்கையும் யாக்கோபு அச்சமின்றி எடுத்துரைத்தார். லாபான் உடன்படிக்கை செய்துகொள்ள முன்வந்தான்.