புள்ளியியல் மேதை மகலனோபிஸ்

ஆண்டுதோறும் ஜூன் 29 ஆம் நாளை நம் நாடு புள்ளியியல் தினமாகக் கொண்டாடுகிறது. பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1893 இல் கல்கத்தாவில் பிறந்த நாள் அது.

கேம்பிரிட்ஜில் இயற்பியல் பயின்றபோது, நம் ஈரோட்டில் பிறந்த கணித மேதை இராமானுஜன் அவருக்கு நண்பரானார். இரவெல்லாம் குளிரில் நடுங்கிய இராமானுஜனுக்கு, மெத்தையோடு மடித்துச் செருகியிருந்த கம்பளிகளுக்குள் நுழைந்து படுக்கக் கற்றுக்கொடுத்தவர் இவரே.

தாயகம் திரும்பி இயற்பியல் ஆசிரியராகப் பணியாற்றிய அவர், 1931 இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். 1937 முதல் வங்காளத்தின் சணல் விளைச்சலை மாதிரி ஆய்வால் கணிக்க முற்பட்டார்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர் நம் முன்னோர். ஆனால் நாடு ஒரே பானையன்று, பல பானைகள். நம் தம்மம்பட்டியில் மரச்சிற்பம் செதுக்குவோர் வாழும் தெருவில் மட்டும் நூறு வீடுகளைக் கேட்டுவிட்டு, வட்டாரம் முழுவதும் சிற்பத் தொழிலே என்று எழுதலாமா? மரவள்ளி பயிரிடுவோர் நகைப்பர் அல்லவா! அடுத்தடுத்து வாழ்வோர் பலவகையிலும் ஒத்திருப்பர். ஆதலால் ஒரே இடத்தில் நூறு பேரைக் கேட்பது, பல இடங்களில் நூறு பேரைக் கேட்பதற்கு ஈடாகாது.

எனவே முதலில் பல சிற்றூர்களையும், பின் ஒவ்வொன்றிலும் சில வீடுகளையும் தேர்ந்தெடுக்கும் தேசிய மாதிரி ஆய்வு 1950 இல் அவர் முயற்சியால் தொடங்கியது. கேட்பவரின் பிழையையும் அவர் மறக்கவில்லை. ஒரே பகுதிக்கு இரு தனிக் குழுக்களை அனுப்பி, விடைகளை ஒப்பிட்டார்.

இது வெறும் கணக்கன்று. 1943 இல் வங்காளத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. நிலமிழந்து ஆதரவற்றுப்போன குடும்பங்களின் நிலையை அவர் கழகமே பின்னர் ஆய்ந்து வெளிப்படுத்தியது. கணக்கில் விடுபட்ட ஏழைக்கு உதவியும் விடுபட்டுப் போகுமன்றோ?

1972 ஜூன் 28 இல் அவர் மறைந்தார். இன்று இத்துறை மேலும் வளர்ந்துள்ளது. மதிப்பெண்களில் காணும் வேறுபாட்டில் மாணவியின் பங்கு எவ்வளவு, வகுப்பின் பங்கு எவ்வளவு, பள்ளியின் பங்கு எவ்வளவு எனப் பிரித்தறியும் பல்நிலைப் புள்ளியியல் முறைகள் வந்துள்ளன. அவற்றால், பின்தங்கிய மாணவி ஒருத்தியைச் சோம்பேறி என்று சொல்லுமுன் அவள் கற்கும் சூழலையும் எண்ணிப் பார்க்கிறோம்.

தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டு, காணாமற்போன ஒன்றைத் தேடிச் சென்ற நல்லாயனை அறிந்தவர்கள் நாம். சராசரியைக் கண்டு மகிழ்ந்து, ஒருத்தியை மறந்துவிடாதிருப்போமாக!