52 வயதில் விமானம் ஓட்டக் கற்றவர்!

அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி என்று ஒரு மாநிலம். அங்கே மெரிடியன் என்ற ஊருக்குப் பக்கத்தில் கடற்படையின் விமானத் தளம் ஒன்று இருக்கிறது. 1961-ல் திறந்தார்கள். கடலைப் பார்க்க அங்கிருந்து வெகுதூரம் போகவேண்டும்! ஆனாலும் கடற்படை விமானிகள் ஜெட் விமானம் பழகும் இடங்களில் அது ஒன்று.

7, 9 என்று எண் போட்ட இரண்டு பயிற்சிப் படைகள் அங்கே உள்ளன. மாணவர் முன் இருக்கையில் உட்காருவார். ஆசிரியர் பின் இருக்கையில். கப்பலின் மேல்தளத்தில் இறங்குவது லேசான காரியம் அல்ல. அதற்காகத் தரையிலேயே கப்பல் தளம்போல் கோடு போட்டுத் திரும்பத் திரும்ப இறங்கிப் பழகுகிறார்கள்.

மாணவர்கள் எல்லாம் வாலிபர்கள். ஆனால் அந்த விமான நிலையம் யார் பெயரால் விளங்குகிறதோ, அவர் பறக்கக் கற்றபோது வயது 52!

அவர்தான் ஜான் மக்கெய்ன்.

பிள்ளைகளோடு பிள்ளையாக

அதே மிசிசிப்பியில் 1884-ல் பிறந்தார். 1906-ல் கடற்படைக் கல்லூரியில் தேறினார். 116 பேரில் 79-வது இடம்! பிறகு 30 ஆண்டுகள் கடற்படை வேலையில் ஓடின.

விமானம் தாங்கிக் கப்பலுக்குத் தலைவர் ஆகவேண்டுமானால் விமானப் பயிற்சி பெற்றிருக்கவேண்டும் என்று அப்போது சட்டம். மக்கெய்னுக்கு அந்தப் பதவிமேல் ஆசை. பென்சகோலா பயிற்சித் தளத்தில் போய்ச் சேர்ந்தார். தம் மகன் வயதுப் பையன்களோடு படித்து, 1936-ல் தேறினார். மறு வருடமே ரேஞ்சர் என்ற விமானம் தாங்கிக் கப்பல் அவர் கைக்கு வந்தது.

ஆள் ஒல்லி. பல் பொய்ப்பல். சிகரெட்டைத் தாமே சுருட்டிக் குடிப்பார்.

இரண்டு புயல்

1944-ல் பசிபிக் கடலில் ஜப்பானை எதிர்த்த பெரும் விமானக் கப்பல் படைக்குத் தலைவர் ஆனார். அவருக்கும் மேலே அட்மிரல் ஹால்சி. டிசம்பரில் புயல் தாக்கியது. 3 கப்பல்கள் மூழ்கின. ஏறக்குறைய 790 பேர் மாண்டார்கள். 1945 ஜூனில் மறுபடியும் புயலில் சிக்கினார்கள். விசாரணையில் இருவர்மேலும் குறை சொல்லப்பட்டது. ஹால்சி பதவியில் நீடித்தார். மக்கெய்னை மாற்றி உத்தரவு வந்தது. அந்த அவமானம் அவரை வாட்டியிருக்கத்தான் வேண்டும்.

நாலே நாள்

ஜப்பான் பணிந்தது. உடல் நலிந்திருந்த மக்கெய்ன் வீடு திரும்பத் துடித்தார். சரண் அடையும் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று ஹால்சி நிறுத்திவைத்தார். செப்டம்பர் 2-ந் தேதி டோக்கியோ விரிகுடாவில், மிசௌரி கப்பலில் கையெழுத்து ஆயிற்று. அன்று தம் மகனையும் சந்தித்தார். மகன் நீர்மூழ்கிக் கப்பல் தலைவர். அதுவே கடைசிச் சந்திப்பு.

கலிபோர்னியாவில் வீடு வந்து சேர்ந்தார். வரவேற்பு விருந்து நடந்தது. விருந்திலேயே மாரடைப்பு! செப்டம்பர் 6-ந் தேதி இறந்தார். வயது 61. முழு அட்மிரல் பட்டம் 1949-ல்தான் வந்தது.

1960-களின் நடுவில் மெரிடியன் தளத்தில் ஓர் ஆசிரியர் இருந்தார். அவர் பெயரும் ஜான் மக்கெய்ன்தான். பேரன்! 1967-ல் ஹனாய் நகரின் மேலே சுடப்பட்டு விழுந்து, 5 வருடத்துக்கு மேல் சிறையில் கிடந்தவர். 2008-ல் ஜனாதிபதி தேர்தலில் ஒபாமாவை எதிர்த்து நின்றாரே, அவரேதான்.