அடிகளும் ஆட்டுப்பாலும்

அம்பிட்டியவை அடுத்த கண்டி நகருக்குக் காந்தியடிகள் 1927 நவம்பரில் வருகை தந்தார். அக்காலத்தில் ஆட்டுப்பால் அவருடைய நித்திய உணவு. எளிமை கருதி அதனை ஏற்றார் என எண்ணுவோர் பலர். அதன் வரலாறோ நாட்பட்ட குடல் நோயோடு தொடர்புடையது.

தென்னாபிரிக்காவில் வழக்கறிஞராய் இருந்தபோதே மலச்சிக்கல் அவரை வாட்டிற்று. பேதி மருந்துகளை விடுத்து, வயிற்றில் ஈரமண் பற்று இட்டு, ஓரளவு நலம் பெற்றார். 1912இல் பாலையும் துறந்தார். கறப்போர் பசுவுக்கும் எருமைக்கும் இழைக்கும் கொடுமையை அறிந்தமையும் அதற்கு ஒரு காரணம்.

1918இல் கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் திரட்டி அலைந்த காலத்தில் சீதபேதி கண்டது. பட்டினியால் தணியவேண்டிய நோய், திருநாளொன்றில் கஸ்தூரிபாய் ஆக்கிய இனிப்புக் கஞ்சியை ஆசையால் மிகுதியாக உண்டமையால் முற்றியது. ஒரு நாளில் 30, 40 முறை வயிறு கழிந்தது. மருந்தையும் ஊசியையும் மறுத்தார். ஊசி பற்றித் தாம் கொண்ட கருத்து அறியாமையின்பாற் பட்டதெனப் பின்னர் உணர்ந்தார். பனிக்கட்டி வைத்தியம் சிறிது தெம்பளித்தது.

பாலின்றி உடல் தேறாது என்றார் பம்பாய் வைத்தியர் தலால். இரும்பும் பாடாணமும் சேர்ந்த ஊசியும் வேண்டுமென்றார். அடிகள் ஊசிக்கு இசைந்தார்; பாலுக்கு இசைந்திலர். விரதங் கொண்டபோது பசுவும் எருமையுமே கருதப்பட்டன, ஆட்டுப்பாலுக்குத் தடையென்ன என்று கேட்டார் கஸ்தூரிபாய். உரையாசிரியர்க்கும் எளிதில் வாய்க்காத நுட்பம் இது! ரௌலட் சட்டத்தை எதிர்த்து நிற்க உயிர் வேண்டியிருந்தது, அடிகள் பணிந்தார். ஆயினும், விரதத்தின் சொல்லைக் காத்துப் பொருளைக் கைவிட்டோம் என்னும் உறுத்தல் அவரை அகலவில்லை. தம் வரலாற்றில் அதனை மறையாது எழுதினார்.

1924 ஜனவரியில், எரவாடாச் சிறையில் இருந்தபோது, குடல்வால் அழற்சி கண்டது. 1909இல் எழுதிய நூலில் மருத்துவமனைகளைக் கடுமையாகச் சாடியவர், பூனா சாசூன் மருத்துவமனையில் ஆங்கில வைத்தியர் கேணல் மடொக்கின் கத்திக்கு உடன்பட வேண்டியவரானார். தாம் நம்பிய பம்பாய் வைத்தியர்கள் வரும்வரை பொறுக்க நேரமில்லை. சிகிச்சை பிழைத்தால் நாடு கொந்தளிக்கும். ஆதலின் உடன்பாட்டு வாசகத்தை வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் எழுத, நடுங்கும் கையால் ஒப்பமிட்டார். 12ஆம் நாள் இரவு, சத்திரசிகிச்சையின் நடுவே மின்விளக்கு அணைந்தது. அரிக்கன் விளக்கொளியில் மடொக் பணியை முடித்தார்.

பெப்ரவரி 5ஆம் நாள் விடுதலை கிடைத்தது. ஆட்டுப்பால் இறுதிவரை தொடர்ந்தது.