வாசாவைத் தேடிக் கண்டவர்

சுவீடன் நாட்டின் தலைநகர் ஸ்டொக்ஹோமில் 1918 ஆம் ஆண்டு பிறந்தவர் அன்டர்ஸ் பிரான்சென். கடற்படை நிர்வாகத்தில் எரிபொருள் பொறியியலாளராகக் கடமையாற்றிய இவர், தொழில்முறைத் தொல்லியலாளர் அல்லர். ஆயினும் நீரடித் தொல்லியல் வரலாற்றில் இவரது பெயர் அழியாது நிலைத்துவிட்டது. அதற்குக் காரணம் வாசா என்னும் போர்க்கப்பலாகும்.

64 பீரங்கிகளைச் சுமந்த வாசா, 1628 ஓகஸ்ட் 10 ஆம் திகதி தனது முதற் பயணத்தை ஆரம்பித்தது. மேற்பாகம் பாரமாக இருந்தமையால் காற்று வீசியதும் கப்பல் சரிந்தது. பீரங்கித் துவாரங்களினூடாக நீர் புகுந்தது. சுமார் 1300 மீற்றர் தூரமே சென்ற வாசா, துறைமுகத்திற்குள்ளேயே மூழ்கியது. காலப்போக்கில் அது கிடந்த இடத்தையும் மக்கள் மறந்து போயினர்.

கடலில் மூழ்கும் மரக்கலங்களைக் கப்பற்புழு என்னும் சிறிய உயிரினம் துளைத்துத் தின்றுவிடும். ஆனால் உப்புக் குறைந்த போல்டிக் கடலில் அதனால் வாழ முடியாது. இதை அறிந்திருந்த பிரான்சென், வாசா உருக்குலையாமல் இருக்கும் என உறுதியாக நம்பினார். பல வருடங்கள் சிறு படகொன்றில் சென்று, கொளுக்கியால் கடலடியைத் துழாவினார். துருப்பிடித்த அடுப்புகளும் சைக்கிள்களுமே அகப்பட்டன. எனினும் அவர் சோர்ந்துவிடவில்லை. சுவடிக்கூடத்தில் 1628 ஆம் ஆண்டின் கடிதமொன்றைத் தேடி எடுத்து, கப்பல் மூழ்கிய இடத்தை அனுமானித்தார்.

1956 ஓகஸ்ட் 25 ஆம் திகதி, அவர் இறக்கிய மாதிரி எடுக்கும் கருவியில் கறுத்துப்போன ஓக் மரத்துண்டு ஒன்று சிக்கியது. பின்னர் கடற்படைச் சுழியோடிகள் 32 மீற்றர் ஆழத்தில் இறங்கி அதனை உறுதிப்படுத்தினர். கப்பலின் அடியில் ஆறு சுரங்கங்கள் தோண்டிக் கம்பிவடங்களைச் செலுத்தினர். 1961 ஏப்ரல் 24 ஆம் திகதி வாசா மீண்டும் நீருக்கு மேலே வந்தது.

கப்பலினுள்ளே மாலுமிகளின் சப்பாத்துகள், உடைகள், கரண்டிகள், மரக் கிண்ணங்கள் என்பன இருந்தன. மன்னரின் பெருமைக்காகக் கட்டப்பட்ட கப்பல், சாதாரண மனிதரின் வாழ்வை நமக்குக் காட்டியது. மரம் காய்ந்து வெடிக்காதிருக்க 17 வருடங்கள் மருந்து தெளிக்கப்பட்டது. 1990 இல் வாசாவுக்கென நூதனசாலை திறக்கப்பட்டதையும் கண்ட பிரான்சென், 1993 இல் காலமானார்.

ஒரு சிறு புழுவைப் பற்றிய அறிவும், தளராத தேடலும் ஒரு நூற்றாண்டையே மீட்டுத் தந்தன. பாடப்புத்தகத்தில் நாம் படித்துவிட்டுக் கடந்து போகும் ஒரு சிறு தகவலும் நாளை ஒரு பெரும் கதவைத் திறக்கலாம் என்பதற்கு அவரது வாழ்வே சான்றாகும்.