சபை சிரித்தது, சந்திரசேகர் கணக்கை மாற்றவில்லை

பினாங்கு பாடாங் கோத்தா கடற்கரையில் ஆண்டுத் தொடக்கத்து இரவுகளில் மிகப் பிரகாசமாகத் தெரியும் நட்சத்திரம் சிரியஸ். அதற்குக் கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று உண்டு. எரிபொருள் தீர்ந்து, பூமி அளவுக்குச் சுருங்கிப்போன வெண்குறுமீன் அது. அத்தகைய நட்சத்திரத்தின் நிறைக்கு எல்லை வகுத்தவர் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

1910-இல் லாகூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1930-இல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே அந்தக் கணக்கைப் போடத் தொடங்கினார். சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறை இருந்தால் வெண்குறுமீன் நிலைக்காது என்பதே அதன் முடிவு.

1935 ஜனவரி 11-இல் லண்டன் அரச வானியல் கழகத்தில் அதை விளக்கினார். அடுத்துப் பேசிய ஆர்தர் எடிங்டன், அன்றைய வானியலின் பெரிய பெயர், அதைக் கேலி செய்தார். சபை சிரித்தது. அப்போது சந்திரசேகருக்கு வயது 24.

அவர் சண்டையை வளர்க்கவில்லை. 1937-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஒரு துறையில் ஆண்டுக்கணக்கில் உழைப்பார். அதை நூலாக்கிவிட்டு அடுத்ததற்குப் போவார். தற்போக்கு இயக்கம் குறித்து 1943-இல் எழுதிய கட்டுரையை வேதியியல், உயிரியல் ஆய்வாளர்களும் இன்றுவரை மேற்கோள் காட்டுகின்றனர். 1952 முதல் 1971 வரை ‘ஆஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல்’ ஆய்விதழின் ஆசிரியராக இருந்தார்.

1983-இல் அவரது 73-ஆவது பிறந்தநாளன்று நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. 1995-இல் காலமானார். 1999-இல் விண்ணில் ஏவப்பட்ட ‘சந்திரா’ தொலைநோக்கி அவர் பெயரைச் சுமந்து இன்றும் சுற்றுகிறது.